கழுவாத ஆட்டு ரோமத்தை நூற்றல்: நேரில் கண்டவர்கள் பகிரவும்

தக்களிப் பிரியர்:
கழுவாத ரோமத்தைத் தக்களியில் (கையால் சுழற்றும் நூற்புக் கதிரில்) நூற்ற ஒரு பெரியவரின் விரல்கள் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. குப்பையும் கட்டியும் நீக்கி, கையாலேயே பிரித்துவிட்ட ரோமக் கற்றை அது. தக்களி சுழல, நூலில் ஏறிய முறுக்கு கற்றையை நெருங்கிய கணத்தில் இரு விரல்களால் அழுத்தி அதை நிறுத்தினார். மறுகையால் இழைகளை நீட்டியபின்பே பிடியைத் தளர்த்தினார். முறுக்கு கற்றைக்குள் புகுந்திருந்தால் இழைகள் இறுகி, மேற்கொண்டு இழுபட்டிருக்கா. ரோமத்திலுள்ள கொழுப்பே இழைகளை வழுக்கிவரச் செய்கிறது என்றும், கழுவிவிட்டால் அந்த வாகு கிட்டாது என்றும் அவர் உறுதியாகச் சொன்னார்.

கம்பளி நேசன்:
அந்தப் பெரியவரின் கருத்தை எல்லா ரோமத்துக்கும் பொருத்த இயலாது. கொழுப்பு மிகுந்த, மெரினோ என்னும் செம்மறியின் ரோமம் நாட்பட்டால் பிசினாக இறுகிவிடும். நான் சந்தித்த நூற்பாளர் அதைக் கழுவாமல் தொடவே மறுத்தார். அவர் அமிழ்த்திய சிறிது நேரத்தில் தெளிந்த வெந்நீர் பழுப்பேறியதைப் பார்த்து மலைத்துப்போனேன்.

புதியவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ரோமக் கொழுப்பு ஏறத்தாழ 40 பாகை செல்சியசில் உருகுவதால், நீர் அதைவிட நன்கு சூடாக, 60 பாகையளவில் இருப்பது நல்லது. நீர் ஆறும்வரை விட்டுவைத்தால் கரைந்த கொழுப்பு மீண்டும் இழையிலேயே படியும். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். கசக்கவோ கலக்கவோ வேண்டாம். இழையின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் ரோமம் கெட்டிப்பட்டுப் பிரிக்கவே வராது. உலர்ந்தபின், நீண்ட இழைகளைச் சீப்பால் வாரினால் வழவழப்பான, உறுதியான நூல் வரும். குட்டையானவற்றைக் கம்பிப்பல் பலகைகளில் பிரித்துச் சுருட்டி நூற்றால் காற்றடங்கிய, கதகதப்பான நூல் கிடைக்கும்.

இருபுரி:
கழுவுவது முன்னா பின்னா என்பதில் இவ்வளவு வாதம் தேவையில்லை. கொழுப்போடு நூற்றுவிட்டு, சிட்டமாக (நூல் வளையக் கட்டாக) சுற்றியபின் கழுவுவோரும் உண்டு. நான் வியந்தது ஒரு நூற்பாளர் புரி சேர்த்ததை, அதாவது இழைகளை ஒன்றாக முறுக்கியதைக் கண்டுதான். நூற்று முடித்த ஒற்றை இழையைத் தளர்த்தியதும் அது தன்மேலேயே முறுக்கிக்கொண்டது. அத்தகைய இரண்டு இழைகளைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் அவர் முறுக்கியபோது அந்தத் துடிப்பு அடங்கி, இரண்டும் ஒரே நூலாக நேராக நின்றன. இங்கு எவரும் இதைக் குறிப்பிடாதது எனக்கு வருத்தமே. முறுக்கு சமன்படாத நூலில் பின்னிய துணி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ரோமத்தை எவ்வளவு நன்றாகக் கழுவியிருந்தாலும் அந்தச் சாய்வு நிமிராது.