அம்பாசடர் சூடானால் ஸ்டார்ட் ஆவதில்லை. அவசரம், உதவுங்கள்

ஈரோட்டுக்காரன் (புதன், இரவு)
அப்பாவின் அம்பாசடர். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது, அப்புறம் என்ன செய்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி புதுசு. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்று அப்பா ஒரே பிடிவாதம். என்னவாக இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கரூர்_டீசல்
பெட்ரோலா டீசலா? அதையே சொல்லவில்லையே.

நாலாவது_கியர்
எந்த வருஷ வண்டி? பழைய 1489 சிசி இன்ஜினா, 1990களில் வந்த இசுசு 1800-ஆ? செல்ஃப் சுற்றவே இல்லையா, சுற்றியும் பிடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு வியாதி.

மாட்டுத்தாவணி
இதில் கேட்க என்ன இருக்கிறது, ஏர் லாக்தான். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது, பம்ப் வெறும் ஆவியை இழுக்கிறது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள், கிளம்பும். ஏற்காடு ஏறும்போதெல்லாம் எங்கள் டிக்கியில் ஒரு பழைய வேட்டியும் ஒரு குடம் தண்ணீரும் கட்டாயம் இருக்கும்.

லூகாஸ்தாசன்
மாதம் தவறாமல் இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. வண்டி ஓட்டத் தெரிந்தால் போதாது தம்பி, போனட்டைத் திறக்கவும் தெரிய வேண்டும்.

செல்ஃப் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: கரண்ட், பெட்ரோல். நின்ற இடத்திலேயே, சூட்டோடு பார். ஆறிய பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். காயிலிலிருந்து (ஸ்பார்க்குக்கு உயர் அழுத்தக் கரண்ட் தருவது) டிஸ்ட்ரிப்யூட்டர் (அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) மூடியின் நடுவுக்கு வரும் தடித்த ஒயரை மூடியிலிருந்து பிடுங்கு. ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, அதன் முனையை இன்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி வை. இன்னொருவர் செல்ஃப் போடட்டும். நீலமாக, சடக் சடக்கென்று அடித்தால் கரண்ட் சரி. மஞ்சளாக நோஞ்சானாக வந்தால் கண்டென்சர் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன டப்பா) அல்லது காயில். பெட்ரோல் கசியும் வண்டியில் இதைச் செய்து என் மேல் பழி போடாதே.

ஈரோட்டுக்காரன் (வியாழன்)
பெட்ரோல்தான். மார்க் 4, ஆர்சியில் 1984. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. அரை மணி நேரம் விட்டால் தானாகக் கிளம்புகிறது. ஸ்பார்க் இப்போது வீட்டில் பார்த்தேன், நீலமாக வருகிறது.

லூகாஸ்தாசன்
வீட்டில் பார்த்தாராம்.

தாராபுரம்_ரவி
விடுங்க சார், தம்பி புதுசு. தம்பி, வண்டி எப்படி நிற்கிறது? சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட். திக்கித் திணறி, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அமுங்கி நின்றால் பெட்ரோல். நின்றவுடன் டேங்க் மூடியையும் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. என் வண்டியில் கார்புரேட்டர், பம்ப் எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்த பிறகு கடைசியில் அந்த மூடிதான்.

மாட்டுத்தாவணி
பெட்ரோலில் இருபது சதவீத எத்தனால் வந்ததிலிருந்துதான் இந்தக் கூத்தெல்லாம். பம்ப் டயாஃப்ரம், ரப்பர் ஹோஸ் எல்லாம் ஊறிப்போகிறது.

கரூர்_டீசல்
சித்திரை வெயிலில் மலைப்பாதை நெடுகப் போனட்டைத் திறந்துவைத்து அம்பாசடர்கள் நின்ற காலத்தில் எத்தனாலா கலந்தார்கள்?

மாட்டுத்தாவணி
அப்படியானால் எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்காது என்கிறீர்களா?

நாலாவது_கியர்
கெடுக்கும். பழைய ஹோஸை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவதுதான் நல்லது, தீ விஷயம். ஆனால் ஊறிப்போன ஹோஸ் அரை மணி நேரத்தில் குணமாகாதே அண்ணா. இவர் வண்டி ஆறினால் கிளம்புகிறது.

கரூர்_டீசல்
டீசல் வாங்கியிருந்தால் கண்டென்சரும் இல்லை, காயிலும் இல்லை.

மாட்டுத்தாவணி
மார்கழிக் காலையில் இன்ஜினைச் சூடாக்க ஹீட்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் சுகமும் இல்லையே எங்களுக்கு!

லூகாஸ்தாசன்
அரட்டை முடிந்ததா? கண்டென்சர். சூடேறினால் உள்ளே இன்சுலேஷன் கைவிடும், ஆறினால் ஒன்றுமே தெரியாது. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி சி.பி. பாயிண்ட்டை (காயில் கரண்ட்டை விட்டுவிட்டு வெட்டும் முனைகள்) பார். கருகி, ஒரு முகம் மேடும் மறுமுகம் குழியுமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து. பிளேடையும் விசிட்டிங் கார்டையும் வைத்து அல்ல. புதுக் கண்டென்சர் பலது வாங்கிய வாரமே போகிறது, பழைய ஸ்டாக் கிடைத்தால் விடாதே.

நாலாவது_கியர்
காயிலையும் பாருங்கள். ஓடும் வண்டியில் சூடாகத்தான் இருக்கும், கை வைக்கவே முடியாமல் கொதித்தால் சந்தேகப்படலாம். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயிண்ட்டுக்குப் போகும் சின்ன ஒயர். இன்ஜினின் வேக்குவம் (உறிஞ்சு விசை) பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை இழுக்கும்போதெல்லாம் அந்த ஒயர் வளைகிறது. வருஷக்கணக்கில் வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே செம்பு அறுந்திருக்கும், வெளியே முழுசாகத் தெரியும். மெதுவாக இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே அறுந்தாச்சு.

தாராபுரம்_ரவி (சனி)
தம்பி, என்ன ஆச்சு? நாளைக்குத்தானே நிச்சயம்?

ஈரோட்டுக்காரன் (செவ்வாய்)
மன்னிக்கவும், வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமை பவானி போகிற வழியில் டக்கென்று நின்றது. ஸ்பார்க் மஞ்சள். டேங்க் மூடியில் சத்தம் இல்லை. மெக்கானிக் கண்டென்சர், காயில் இரண்டையும் மாற்றிவிட்டார். நிச்சயதார்த்தம் போய் வந்தாச்சு, எங்கும் நிற்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

லூகாஸ்தாசன்
கண்டென்சர் என்று வியாழக்கிழமையே எழுதினேன்.

நாலாவது_கியர்
காயிலும் மாறியிருக்கிறதே சார். தம்பி, பழைய காயிலைத் தூக்கிப்போடாதீர்கள். ஒரு நாள் அதை மாட்டி, ஊருக்குள்ளேயே சூடேற ஓட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் காயில் நல்லது, டிக்கியில் ஸ்பேராகக் கிடக்கட்டும்.

மாட்டுத்தாவணி
ஹோஸ் மாற்றினாரா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?