ஷட்டர் ஸ்பிரிங் உடைந்த அனுபவம் யாருக்காவது உண்டா? என்னுடையதைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்

கானாடுகாத்தான் பக்கத்து ஆள்:

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்குப் போயிருந்தோம். இழை எடுத்து நோன்பை முடித்த மறுநாள் காலை சென்னைக்குக் கிளம்ப வேண்டும், வண்டி பின்தெருப் பக்கம் ஷெட்டில் நிற்கிறது. நம்ம செட்டிநாட்டு வீடுகள் தெரியுமே, முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஐயா காலத்தில் மாட்டுவண்டி நின்ற கொட்டகையை 2009-ல் கார் ஷெட்டாக்கி, பத்தடி அகலம் எட்டடி உயரத்தில் ரோலிங் ஷட்டர் போட்டோம். அதோடு அதை மறந்தாச்சு. முகப்புத் தேக்குக் கதவுக்கு எண்ணெய் போடுவோம், பித்தளைக் குமிழைப் புளி போட்டுத் தேய்ப்போம், ஷட்டரை யார் பார்த்தார்கள்?

இரண்டு வருஷமாகவே ஷட்டர் கனம். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன், வீட்டிலும் அதையே சொல்லிக் கிண்டல் செய்தார்கள். அன்றைக்கும் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். மார்பளவு வந்திருக்கும், மேலே தகரப் பெட்டிக்குள் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி மொத்தக் கனமும் கைக்கு வந்துவிட்டது. நான் கையை விட்டுவிட்டேன், உண்மையைச் சொன்னால் பயத்தில் விட்டேன். ஷட்டர் ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கி, வாசலில் கிடந்த பழைய அம்மிக்கல்லில் மோதி நின்றது. அந்தக் கல்லை அப்புறப்படுத்தச் சொல்லி மூன்று வருஷமாக நான்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அது அங்கே கிடக்கவில்லையென்றால் தம்பியின் பாதம் போயிருக்கும்.

காரைக்குடியிலிருந்து ஷட்டர் மெக்கானிக் மதியம் வந்தார், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏணியைக் கட்டிக்கொண்டு. முதலில் ஷட்டரைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு மேல் கவரைக் கழற்றினார். உள்ளே தேங்காய் நாரால் ஒரு அணில் கூடு, ஓரத்தில் காய்ந்துபோன குளவிக்கூடு. ஷட்டர் சுருளுகிற குழாயில் மூன்று ஸ்பிரிங். நடுவில் இருந்ததும் இடது பக்கத்ததும் இரண்டு துண்டு.

அவர் இரண்டையும் கழற்றிக் கையில் கொடுத்து, உடைந்த முனையைப் பாருங்கள் என்றார். இடது பக்கத்து ஸ்பிரிங்கின் முனையில் பாதி கறுத்த பழுப்பு, மீதிப் பாதி புது வெள்ளிக்காசு மாதிரி மினுக்கம். பழுப்பாக இருப்பது எப்போதோ விழுந்த விரிசல், அதற்குள் ஈரம் போய்த் துரு ஏறியிருக்கிறது. மினுங்கும் பாதிதான் இத்தனை நாள் தாங்கி நின்று அன்று காலை போனது. நடு ஸ்பிரிங்கின் முனையோ முழுக்கத் துரு, ஒரு புள்ளி கூட மினுக்கம் இல்லை. "இது போயி ரெண்டு வருஷமாவது இருக்கும், நீங்க பாட்டுக்குத் தூக்கிக்கிட்டு இருந்திருக்கீக" என்றார்.

அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1.25 மில்லிமீட்டர் தடிமன் இரும்புத் தகடு சதுர மீட்டருக்குப் பத்து கிலோ. எங்கள் ஷட்டர் ஏழரை சதுர மீட்டர், தகட்டின் மடிப்பும் அடிப்பட்டையும் சேர்த்தால் நூறு கிலோவை ஒட்டி வரும். அதைத் தூக்குவது நாமில்லை, கீழே இழுத்து மூடும்போது முறுக்கேறுகிற ஸ்பிரிங்தான் திரும்பத் தூக்கிக் கொடுக்கிறது. மூன்றில் ஒன்று போனால் முப்பது கிலோ நம் கைக்கு வரும். இரண்டு வருஷமாக என் வயசு என்று நான் நினைத்தது அந்த முப்பது கிலோ.

இன்னொன்றும் சொன்னார். கடை ஷட்டர் தினம் ஏறி இறங்கித் தேய்ந்து போகும், பூட்டிய வீட்டு ஷட்டர் வேறு விதமாகப் போகும். மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங்கில் முழு முறுக்கு. பத்து மாதம் அதே முறுக்கில், எண்ணெய் இல்லாமல், ஐப்பசி மழை ஈரத்தில் கிடந்தால் துரு பிடித்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கும். நம்ம பக்கம் எத்தனை வீடு அப்படிப் பூட்டிக் கிடக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

மூன்றையும் மாற்றினோம். மிச்சமிருந்த ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அதுவும் 2009-தானே என்றார், சரி என்றேன்.

செக்காலை ரோடு கடைக்காரன்:

அண்ணே, நீங்கள் வருஷத்துக்கு இருபது தடவை தூக்கியிருப்பீர்கள். நான் காலையில் திறந்து, மதியம் சாப்பாட்டுக்கு மூடி, மறுபடி திறந்து, ராத்திரி மூடுகிறேன். பதினெட்டு வருஷத்தில் நான்கு முறை ஸ்பிரிங் மாற்றியாச்சு. எனக்குச் சத்தமெல்லாம் பழகிவிட்டது.

நான் பட்ட அடி வேறு. கொக்கிக் கம்பியை எப்போதும் வலது ஓரத்தில் மாட்டி இழுப்பேன், ஏனென்றால் அங்கேதான் படி இருக்கிறது, நிற்கச் சௌகரியம். ஒரே பக்கம் இழுத்து இழுத்து ஷட்டர் கோணலாக ஏறி, இடது பக்கக் கைடு சேனலில், அதாவது ஷட்டரின் ஓரம் ஓடுகிற பள்ளத்தில், தகடு உரசி வளைந்து, ஒரு தீபாவளி சமயம் பாதியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. விடிய விடியப் பாய் விரித்துக் கடை வாசலில் படுத்தேன். இப்போது நடுவில்தான் இழுக்கிறேன், பையனுக்கும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

டாலஸில் இருக்கும் தேவகோட்டைக்காரன்:

இங்கே கராஜ் கதவு வேறு ரகம். சுருளாது, நாலைந்து பலகையாக மடங்கிக் கூரைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கதவுக்கு மேலே ஒரு தண்டு, அதில் முறுக்கிய இரண்டு ஸ்பிரிங், இரண்டு பக்கமும் கம்பி வடம். ஆனால் சங்கதி ஒன்றுதான், கனத்தைத் தூக்குவது ஸ்பிரிங், மோட்டார் சும்மா கைப்பிடித்து அழைத்துப் போகிறது.

எங்களுக்கு ஒரு ஜனவரி ராத்திரி, கடுங்குளிர், தூக்கத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். இந்த ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் என்ன நினைப்போம்! மனைவியும் நானும் தரையில் படுத்துக்கொண்டோம். காலையில் பார்த்தால் ஸ்பிரிங் சுருளில் இரண்டு அங்குல இடைவெளி. விஷயம் தெரியாமல் பொத்தானை அழுத்தினேன், மோட்டார் முனகிக்கொண்டு கதவை ஒரு சாண் தூக்கிவிட்டு நின்றுவிட்டது. அதைச் செய்திருக்கவே கூடாது என்று வந்த ஆள் திட்டினார், மோட்டாரின் பல்சக்கரம் போய்விடுமாம். கதவு மேலே இருக்கும்போது ஸ்பிரிங் உடைந்திருந்தால் மோட்டார் பக்கம் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை மோட்டாரிலிருந்து விடுவிக்கக் கூடாது என்றும் சொன்னார், மொத்தக் கதவும் தலையில் வரும்.

இங்கே சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 சுற்று என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சுற்று. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை, அப்படியென்றால் 2,500 நாள், ஏழு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. வீடு கட்டி ஏழாவது வருஷம்தான் உடைந்தது! 20,000 சுற்று ஸ்பிரிங்காகப் போடச் சொல்லிவிட்டேன், இரண்டையும் ஒன்றாகவே மாற்றினார்.

பக்கத்து வீட்டுக்காரர் தானே மாற்றுகிறேன் என்று, முறுக்கேற்றுவதற்கென்று உள்ள இரும்புத் தண்டு இல்லாமல் ஸ்குரூ டிரைவரைச் செருகித் திருப்பியிருக்கிறார். நழுவிச் சுழன்று வந்து மணிக்கட்டில் அடித்தது. மாவுக்கட்டோடு மூன்று மாதம் காரை ஒற்றைக் கையில் ஓட்டினார். நான் நட்டு கழற்றுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் செய்வேன், இதை மட்டும் தொட மாட்டேன்.

பள்ளத்தூர் ஆச்சி:

எங்கள் வீட்டில் உடையவில்லை, நாங்களாகக் கெடுத்துக்கொண்டோம். ஷட்டர் கிறீச்சிடுகிறது என்று வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் எண்ணெய் போடச் சொல்லிவிட்டுப் போனேன். எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை, என் தப்பு. அவர் பக்தியோடு ஒரு கிண்ணம் நல்லெண்ணெயைக் கைடு சேனலில் மேலிருந்து கீழ்வரை தடவியிருக்கிறார். அடுத்த தடவை போய்ப் பார்த்தால் எண்ணெயும் செம்மண் தூசியும் சேர்ந்து அதிரசப் பாகு மாதிரி பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது, எறும்பு வேறு. டீசலில் துணியை நனைத்து ஒரு நாள் முழுக்கச் சுரண்டினோம். சேனலில் கிரீஸும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம், துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும், மேலே ஸ்பிரிங்குக்கு மட்டும் மெஷின் எண்ணெய் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார்.

ஷட்டர் செய்து கொடுக்கிறவன், கோட்டையூர்:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். எங்களிடம் வருகிறவர்கள் இப்போது இரண்டு கார் நிற்கிற மாதிரி பதினான்கு அடி வேண்டும், ஆனால் கையால் தூக்குகிற மாதிரியே போடுங்கள், செலவு குறையுமே என்கிறார்கள். எட்டடி உயரத்துக்குக் கணக்குப் போட்டால் அது 112 சதுர அடி. மத்தியப் பொதுப்பணித் துறை விவரக்குறிப்பில் கையால் தூக்கும் ஷட்டர் 10 சதுர மீட்டர் வரைக்கும்தான், அதாவது 107 சதுர அடி. அதற்கு மேல் போனால் பொதுவாகக் கியரும் செயினும் வைக்கச் சொல்கிறது. நாங்கள் சொன்னால் வியாபாரத்துக்குச் சொல்கிறோம் என்பார்கள்.

அப்புறம் ரிமோட் ஷட்டர். குழாய்க்கு நடுவில் மோட்டார் வைக்கிற ரகத்தில் ஸ்பிரிங் உண்டு, அது தளர்ந்தாலும் மோட்டார் சத்தம் போடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். கையால் தூக்குகிறவருக்காவது இடுப்பு வலித்துத் தெரியும், ரிமோட்டுக்கு எங்கே வலிக்கிறது? மாதம் ஒருமுறை மோட்டாரை விடுவித்துக் கையால் தூக்கிப் பாருங்கள், இடுப்பளவில் நிறுத்திக் கையை மெதுவாகத் தளர்த்தினால் ஷட்டர் ஏறக்குறைய அங்கேயே நிற்க வேண்டும். தானாக இறங்கினால் முறுக்குக் குறைவு, விசையோடு மேலே ஓடினால் அதிகம். இதை மட்டும் நீங்கள் பாருங்கள். குழாயை பிராக்கெட்டோடு பிடித்திருக்கிற கிளாம்பை யாரும் தளர்த்த வேண்டாம். முறுக்கு முழுவதும் அந்த போல்ட்டை நம்பித்தான் நிற்கிறது, எங்கள் பையன்களே இரண்டு பேர் பைப் ரெஞ்சில் பிடித்துக்கொண்டுதான் தளர்த்துவார்கள்.

கானாடுகாத்தான் பக்கத்து ஆள்:

கோட்டையூர்க்காரருக்கு நன்றி. சென்னையிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு போன் போட்டு, நீங்கள் சொன்ன மாதிரி இடுப்பளவில் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். "நிக்குதுங்க அண்ணே, இப்பல்லாம் எம் பேத்தியே ஒத்தக் கையில தூக்கிருது" என்றார் சந்தோஷமாக. பேத்திக்கு ஆறு வயது. அவளை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று கத்திவிட்டு, சாவியை ஆணியில் உயரமாக மாட்டச் சொல்லியிருக்கிறேன். அம்மிக்கல் அங்கேயே கிடக்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன்.