அம்பாசிடர் மார்க் 2-க்கு அசல் பெட்ரோல் என்ஜின்: தேடி அலைந்தவர்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் மார்க்-2:
வண்டி 1968 மாடல், அப்பா வாங்கியது. டீசல் மலிவாக இருந்த நாளில் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றிவிட்டார். எனக்கு அதே 1489 சிசி பெட்ரோல்தான் வேண்டும். பின்னாளில் அம்பாசிடரில் வந்த இசுஸு 1817 சிசி என்ஜினைப் போடு, பறக்கும் என்கிறார்கள். வேண்டாம். பானெட்டைத் திறந்தால் அப்பா அன்றைக்குப் பார்த்ததை நானும் பார்க்க வேண்டும்.

பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கு மூன்று தடவை போய் வெறுங்கையோடு வந்தேன். கடைசியில் இருந்தது நம்ம கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்), ஒரு காயலான் கடையில், தார்ப்பாய்க்குக் கீழே. கார்புரேட்டர் இல்லை, டைனமோ இல்லை, ஆனால் சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டும் முழுசாக இருந்தன. ஹேண்டில் போட்டுச் சுற்றினேன், சுற்றியது! 9,000 சொன்னார், நான் 6,000 கேட்டேன், 7,500 வரை இறங்கினார். யோசித்துவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, பத்து நாள் போகவில்லை.

பதினோராம் நாள் போனால் கடைக்காரர் ஊரில் இல்லை, அவர் மச்சான் லாரிக்கு இரும்பு ஏற்றிக்கொண்டிருக்கிறார், பையன் ஒருவன் சம்மட்டியோடு நிற்கிறான். வார்ப்பு இரும்பை உடைத்துத்தான் ஏற்றுவார்களாம். பிளாக் நாலு துண்டு. ஒரு துண்டில் சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது, ஒரு கீறல் கிடையாது, விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். இரண்டு வருடம் ஆகிறது, அந்த வழவழப்பு இன்னும் விரலை விட்டுப் போகவில்லை.

பாண்டி 203:
எங்கள் வீட்டில் தாத்தாவின் பிரெஞ்சுக் கார், பெஜோ 203, 1290 சிசி. என்ஜின் ஜாம் ஆகிக் கிடந்தது. இன்னொரு பெஜோ மாடலான 403-இன் 1468 சிசி என்ஜின் ஒன்று கிடைத்தது, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்கள், முன்பணம் கொடுக்கிற வரைக்கும் போய்விட்டேன். அதற்குள் முத்தியால்பேட்டை மெக்கானிக் ஒருவர் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி, சிலிண்டரையே அப்படியே மேலே உருவி எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வெட் லைனர், தண்ணீருக்குள் நிற்கிற தனிக் குழாய், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். வெளிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி உப்பு. லைனரும் பிஸ்டனும் பிரான்சில் இருக்கிற சித்தப்பா மகன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான், தாத்தாவின் பிளாக்கே ஓடுகிறது.

மார்க்-2 அண்ணா, ஒன்று கேட்கிறேன். அப்பா இறக்கிய என்ஜின் எங்கே போனது என்று தேடவே இல்லையா?

லேத் பட்டறை, நெல்லிக்குப்பம்:
1,500 ரூபாய் வித்தியாசத்துக்கு அந்த பிளாக்கை விட்டீர்களா? படிக்கவே வயிறு எரிகிறது. பாண்டி நண்பர் சொல்வது அவர் வண்டிக்குச் சரி, அம்பாசிடரின் பி-சீரீஸ் பெட்ரோல் என்ஜினில் எதையும் உருவ முடியாது, போர், அதாவது சிலிண்டர் துளை, பிளாக்கிலேயே கடைந்தது.

என் கதை சின்னது. ஒரு என்ஜின் வாங்கி வந்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன், நம்பர் இருக்க வேண்டிய இடம் கிரைண்டர் போட்டு மழமழவென்று இருந்தது. விற்றவர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

அதனால் காசை எடுப்பதற்கு முன் நம்பரைப் பாருங்கள், எழுதிய ரசீது வாங்குங்கள், ஏற்றிய பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் சேர்த்துவிடுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் விண்டேஜ் பதிவு வந்ததே, வி.ஏ. நம்பர், முதல் பதிவுக் கட்டணம் 20,000, அதற்கும் என்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அப்புறம் போர் அளவு. புதிதில் 73.025 மில்லிமீட்டர், தேய்ந்ததைக் கடைந்து எத்தனை தடவை பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று அளந்து பாருங்கள், பிஸ்டன் கிடைக்கிற கடைசி அளவையும் தாண்டியிருந்தால்கூடப் பயப்பட வேண்டாம், துளைக்குள் ஸ்லீவ் என்கிற குழாயை இறக்கலாம். வெல்ச் பிளக்குகளை, அதாவது பிளாக்கின் தண்ணீர் ஓட்டைகளை அடைத்திருக்கும் தகட்டு மூடிகளைத் தட்டிப் பாருங்கள், துருப்பிடித்துச் சீக்கிரம் போவது அதுதான். இன்னொன்று, 2000-லிருந்து பெட்ரோலில் ஈயம் கிடையாது, அந்தக் கால வால்வு சீட்டுக்கு, அதாவது வால்வு வந்து உட்காருகிற வளையத்துக்கு, அந்த ஈயம்தான் காப்பு. ஹெட்டைக் கழற்றும்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான சீட் போட்டுவிடுங்கள், இரண்டு வேலை வேண்டாம்.

மஞ்சக்குப்பம் மார்க்-2:
பாண்டி நண்பரே, தேடவில்லை என்பதுதான் உண்மை. அப்பா எடைக்குப் போட்டிருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். நேற்று அம்மாவிடம் கேட்டேன். விற்கவே இல்லையாம், பண்ருட்டிப் பக்கம் பெரியப்பாவின் முந்திரிக் கொல்லைக்குத் தண்ணீர் இறைக்கக் கொடுத்தாராம். போர்செட் போட்டபிறகு கொட்டகையிலேயே கிடக்கிறதாம். டீசல் ஏற்றுவதற்கு முந்தைய ஆர்.சி. நகல் அம்மாவின் பெட்டியில் இருந்தது, என்ஜின் நம்பர் தெளிவாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன், அந்த நகலும் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு. லேத் அண்ணா, ஹேண்டில் சுற்றவில்லை என்றால் ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி எத்தனை நாள் ஊறவிட வேண்டும்?