வேலூரிலிருந்து துபாய்க்கு உண்மையில் எத்தனை மணி நேரம்?

வாலாஜாவிலிருந்து:
மகன் துபாயில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய சென்னை–துபாய் டிக்கெட்டைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "பத்து மணிக்கு ஏறி பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கிடுறோம். திரும்பி வர மட்டும் ஏன் அஞ்சரை மணி நேரம் ஆகுது?" என்று கேட்டார். அருமையான கேள்வி! டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதைக் கூட்டிக் கழித்தால் போவதற்கு நாலேகால் மணி நேரம், வருவதற்குச் சுமார் நாலு மணி நேரம். தூரம் இரண்டு பக்கமும் அதே 2,900 கி.மீ. சொச்சம்தான். அந்தக் கால் மணி நேர வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் காற்று, போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் கூடும்.

மேல்விஷாரத்திலிருந்து:
வாலாஜாவிலிருந்து எழுதியவர் சொன்ன கணக்கு சரி. நான் கார் ஓட்டுகிறவன், கீழே ஓடுகிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். எங்கள் ஊரில் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதிகம், ராத்திரி சவாரிதான் நிறைய வரும். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வண்டி நன்றாகப் போகும், அப்புறம் பூந்தமல்லி வரை என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னாடியே அங்கே இருக்க வேண்டும். ஆக, பறப்பதற்கு முன்னாலேயே ஆறு மணி நேரம் போய்விடுகிறது!

பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில், நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. அங்கே போகிறவர்கள் ஓசூர் பக்கம் போய் ஊருக்குள் மாட்டிக்கொள்ள வேண்டாம். சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே வழியே போனால் நகரத்தைத் தொடாமலே போய்விடலாம்.

வேலூரிலிருந்து:
காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் நடத்துகிறோம். சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வங்காளக் குடும்பங்கள்தான் அதிகம் தங்குவார்கள். ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர் ஊர் திரும்பும் முன் என்னிடம் யோசனை கேட்டார். ஹவுராவுக்கு ரயிலில் ஒரு நாளுக்கும் மேல். சென்னை–கொல்கத்தா விமானத்தில் இரண்டே கால், இரண்டரை மணி நேரம், தூரம் 1,400 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. தையல் ஆறாத உடம்புக்கு விமானம் மேல் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள் ஐயா என்றேன். டாக்டர் சரி என்றதும் காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டோம். 130 கி.மீ., ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சென்ட்ரலிலிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது, லிஃப்டும் இருக்கிறது. மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பார்த்துப் போட்டதால், அவர் விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியிருக்கவில்லை.