வரிக்குதிரை மீனுக்கு ஒரு நாளில் எத்தனை முறை உணவிடலாம்?

கேள்வி:
என் தொட்டியில் எட்டு வரிக்குதிரை மீன்கள் உள்ளன. தினமும் காலையில் ஒரே தடவையாகச் செதில் வடிவ உலர் உணவைத் தூவிவிடுகிறேன். அரை மணி நேரம் கழித்து மூடியைத் தொட்டாலும், பட்டினி கிடந்தவை போல எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. ஆனால் தரையில் ஊறிக் கிடக்கும் மிச்சத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இது பசியா, பழக்கமா? சில மீன்கள் உணவை வாய்க்குள் இழுத்துத் துப்பி, மறுபடியும் இழுக்கின்றன. இது நோயின் அறிகுறியா?

பதில் 1:
பசியும் உண்டு, பழக்கமும் உண்டு. கெண்டை மீன்களுக்கு உறவான இம்மீனுக்கு இரைப்பையே கிடையாது. விழுங்கியது நேராகக் குடலுக்குச் செல்கிறது. பெருமளவு உணவைச் சேர்த்துவைக்க இடமில்லாததால், ஒரே வேளையில் கொட்டுவதைவிட, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவாக நாளுக்கு இரண்டு மூன்று முறை இடுவதே நல்லது. தாடையிலும் பற்கள் இல்லை, அவை தொண்டைக்குள் இருக்கின்றன. எனவே துண்டு பெரிதாக இருந்தால் துப்பித் துப்பித்தான் உண்ணும். செதில் உணவை விரலால் நன்றாக நொறுக்கிப் போட்டுப் பாருங்கள்.

பதில் 2:
வாயின் அமைப்பையும் கவனியுங்கள். அது மேல்நோக்கித் திறக்கிறது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் பூச்சிகளும் கொசுப்புழுக்களுமே இதன் முதன்மை இரை. இயற்கையில் பிடிபட்டவற்றின் குடலில் பாசியும் மட்கிய கழிவுகளும் காணப்பட்டாலும், அசையும் இரையின் மீதுதான் இதற்கு நாட்டம் அதிகம். தரையில் தங்கும் மிச்சம் அழுகி அம்மோனியாவாக மாறும் என்பதால், அதை அன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
நொறுக்கிப் போட்டதும் துப்புவது நின்றுவிட்டது, நன்றி. ஆனால் இன்று காலை, இட்ட முட்டைகளைத் தாமே தேடித் தின்றன!

பதில் 3:
அது இவற்றின் இயல்பு, உணவுக் குறைவு என்று எண்ண வேண்டாம். முட்டைகள் இடுக்குகளில் விழுந்து தப்பும்படி அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்புங்கள். முட்டை கருவுற்ற ஐந்தாம் நாள்வாக்கில் குஞ்சுகள் இரை தேடத் தொடங்கும். அப்போது பரமீசியம் என்ற ஒருசெல் நுண்ணுயிரியையும், பின்னர் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகளையும் கொடுக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், அந்தச் சிறு மீன்குஞ்சு இரு கண்களையும் உள்நோக்கிக் குவித்து, வால்நுனியை மட்டும் வளைத்து இரைக்கு நேராகத் திரும்பி, சட்டென்று பாய்வது தெரியும். பார்வையால் வேட்டையாடுவதால், விளக்கு எரியும்போதே உணவிடுங்கள்.