புதுப்பிப்பு: மாட்டு ஸ்கேனருக்குத் தலையில் மாட்டும் திரை

காரிமங்கலம் பக்கம் சினை பார்க்கப் போனால் வெயிலில் ஸ்கேனர் திரை தெரிவதே இல்லை, தலையில் மாட்டும் திரை எது தேவலாம் என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன இரண்டு வகையையும் மாட்டிப் பார்த்தாயிற்று.

எதிரே இருப்பதும் சேர்ந்து தெரியும் கண்ணாடி வகை எனக்கு ஒத்துவரவில்லை. அதில் கருப்பு என்றால் வெளிச்சமே வராத இடம்; பின்னால் இருப்பது அப்படியே தெரியும். ஒரு மாதச் சினையில் நாம் தேடுவதே கருப்பையில் கருப்பாகத் தெரியும் நீரைத்தானே! வெயில் பட்ட சுவரைப் பார்த்து நின்றால் அந்தக் கருப்பு காணாமல் போய்விடுகிறது. முன்னால் கருப்பு மூடி மாட்டினால் பரவாயில்லை, ஆனால் எதிரே இருப்பது தெரியாவிட்டால் அப்புறம் இந்த வகை எதற்கு?

கண்ணை மூடும் வகையில் உச்சிவெயிலிலும் கருவின் இதயத்துடிப்பு தெரிகிறது. மாடு காலைத் தூக்குவதுதான் தெரியாது. அதனால் கீழ்ப்பக்கம் இடைவெளி உள்ளதை எடுத்திருக்கிறேன். வியர்வையில் பனி படிகிறது, துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வயர்லெஸ் வேண்டாம். படம் சற்றுப் பிந்தி வந்தாலும் ஸ்கேனர் கருவியை நகர்த்தும் கை தடுமாறுகிறது. வயரைச் சட்டைக்குள் விட்டுக்கொள்கிறேன்.