பிங் போகிறது, ஆனாலும் ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’

புதிதாக வைத்த சென்ட்ஓஎஸ் (ஒரு லினக்ஸ் வகை) சர்வர். பிங் (மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் பதில் வருகிறது, தொலைவிலிருந்து உள்ளே போக உதவும் எஸ்எஸ்எச்சிலும் நுழைய முடிகிறது. 8080 போர்ட்டில் (சர்வரில் ஒவ்வொரு சர்வீஸும் கேட்கும் வாசல் எண்) ஓடும் அப்ளிகேஷனைப் பக்கத்து மெஷினிலிருந்து கூப்பிட்டால் மட்டும் ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’. வழியே இல்லை என்றால் பிங் எப்படிப் போகும்? நெட்வொர்க் டீம் பாதி நாள் ரூட்டிங் டேபிளை (பாக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியல்) குடைந்தது. கேபிளைக்கூட மாற்றினார்கள்.

காரணம் சர்வரின் ஃபயர்வால். திறந்துவிடாத போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டை அது சத்தமில்லாமல் தள்ளிவிடவில்லை. ‘அனுமதி இல்லை’ என்று ஐசிஎம்பியில் (நெட்வொர்க் பிழைத் தகவல் அனுப்பும் முறை) பதில் அனுப்பியது. அதை வாங்கும் பக்கத்து மெஷினின் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 113ஆம் எண் பிழையாக மாற்றித் தருகிறது. அந்த எண்ணுக்கு உரிய வாசகம்தான் ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’. ரூட்டிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போர்ட்டைத் திறந்ததும் சரியாகிவிட்டது.

அதே ஃபயர்வால் பாக்கெட்டைப் பதில் சொல்லாமல் விழுங்கியிருந்தால் ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ வந்திருக்கும், அதுவும் இரண்டு நிமிடம் போல காக்கவைத்துவிட்டு. அதனால் இப்போதெல்லாம் பிழை உடனே வந்ததா, இழுத்து வந்ததா என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

*

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ வந்தால் நிம்மதி என்பேன். பாக்கெட் அந்த மெஷின் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். எங்களுக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது வந்தது. எந்த போர்ட்டில் யார் கேட்கிறார்கள் என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால் 127.0.0.1:5432 என்று இருந்தது, அதாவது அந்த மெஷினுக்குள்ளேயே செல்லும் முகவரி. வெளியிலிருந்து வருபவரை அது கேட்கவே இல்லை. லிசன் அட்ரஸை மாற்றி ரீஸ்டார்ட் செய்தோம். ‘சர்வீஸ் ஓடுதே சார்’ என்று சொல்பவர்கள் எந்த முகவரியில் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை.

*

நெட்வொர்க் இல்லை, டிஸ்க் கதை. ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்கிறது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் போட்டால் பாதி டிஸ்க் காலி. டிஎஃப் கட்டளைக்கே ‘ஐ’ ஆப்ஷன் உண்டு. அதைப் போட்டதும் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) 100 சதவீதம். வெப்சைட்டுக்கு வருபவர்களுக்காக உருவாகும் பிஎச்பி செஷன் கோப்புகள், ஒவ்வொன்றும் சில பைட், யாரும் துடைக்காமல் கிடந்தன. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஐநோடு எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். சாதாரணமாக 16,384 பைட்டுக்கு ஒன்று. பொடிக் கோப்புகளாகக் கொட்டினால் இடம் இருக்க ஐநோடு தீரும்.

சரி, அழிக்கலாம் என்று ஆர்எம் கட்டளையோடு ‘எல்லாம்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி போட்டால், பெயர்ப் பட்டியல் நீண்டுவிட்டது என்று ‘ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்’! ஃபைண்ட் கட்டளையில் டிலீட் போட்டுத்தான் ஒழித்தோம்.

*

இன்னொரு வகையும் உண்டு. பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பாது, எழுதும் ப்ராசஸ் அதை இன்னும் திறந்து வைத்திருக்கும். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப்பில் ‘டிலீட்டட்’ என்று தேடுங்கள். அந்த ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும், மெஷினை வேண்டாம்.